தெற்றுப்பல்

குழாயை மூடுவதற்குள் பல் செட்டு அவள் விரல்களிலிருந்து நழுவிவிட்டது. பீங்கான் தொட்டியின் விளிம்பில் ஒரு சத்தம், அடியில் ஒரு சத்தம். மூன்றாவதாகத் தரையில் எங்கோ ஒரு சின்னச் சத்தம் ஓடி நின்றது.

குனிந்து பார்த்தாள். மேல்வரிசைச் செட்டு நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அண்ணத்தை மூடும் சிவப்பு ரப்பர்த் தகடு பிஸ்கட்டைப் போல ஒடிந்திருந்தது. ஒரு பாதியை எடுத்துப் பற்களை எண்ணினாள். ஏழு. மறு பாதியில் ஆறு. மண்டியிட்டு முதலில் ஸ்டூலுக்கு அடியில், பிறகு வாளிக்குப் பின்னால், பிறகு சுவரோரமாகத் தேடினாள். ஏழாவது பல் கதவிடுக்கில் இருந்தது. இடப்பக்கக் கோரைப்பல்.

பக்கத்து அறையில் இருமல் நின்றிருந்தது.

அவருக்குக் கேட்டிருக்கும். இருபது வருஷமாகப் பல் செட்டுச் செய்கிறவருக்கு அந்தச் சத்தம் என்னவென்று இன்னொருவர் சொல்லத் தேவையில்லை.

தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பி, அதற்கு மேலே பிடித்துத்தான் கழுவ வேண்டும், நழுவினாலும் தண்ணீரில் விழும் என்று சித்தி முதல் நாளே சொல்லித் தந்திருந்தாள். நான்கு நாட்களும் அப்படித்தான் செய்தாள். இன்று தொட்டிக்கு அடைப்பான் போட மறந்துவிட்டாள். கேட்க வேண்டிய கேள்வியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலில் பதினோரு நாட்கள். அந்தப் பதினோரு நாட்களில் ஏழு கேள்விகளை எழுதி, அடித்து, வரிசை மாற்றி, கடைசியில் ஒரு தாளில் சுத்தமாகப் படியெடுத்து வைத்திருந்தாள். கப்பலில் ஐந்தாவதாக இருந்த கேள்வி, இந்த வீட்டுக்கு வந்த நான்கே நாட்களில் முதலாவதாகிவிட்டது. 'சித்திகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?'

படுத்திருந்தவர் அவளுடைய அப்பா. வீட்டில் அவரை அவள் 'சித்தப்பா' என்று கூப்பிட்டாள். அது அவருடைய ஏற்பாடு.

அவளுக்கு இரண்டு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அப்பா அவளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். பிறகு யுத்தம் வந்தது. அப்பா போன கப்பல் மூழ்கிவிட்டது என்று பெரியம்மா சொன்னாள். அதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றியதில்லை. சென்ற வருஷம் பெரியம்மாவும் போன பிறகு, தையல் மெஷினின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் பத்தொன்பது கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. கடைசிக் கடிதத்தில் இருந்தது: 'இங்கே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. குழந்தையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.' அதற்குப் பிறகு கடிதம் இல்லை. முகவரி இருந்தது.

எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'உடம்பு சரியில்லை. வா. இங்கே நீ என் அண்ணன் மகள். சித்தப்பா என்று கூப்பிடு. நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.'

அந்த நேரத்தைத்தான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகவே பள்ளிக்கூட அலுவலகத்துக் குமாஸ்தா வேலைக்கு மூன்று மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னும் பத்து நாள் தாங்கும், கூடவும் தாங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பல்லை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார், பிறகு களைத்துவிடுவார். ஏழரை மணிக்குச் சித்தி பால் வாங்கப் போவாள். அந்த இருபது நிமிஷத்தில் கேட்டுவிடுவது என்று நேற்றே முடிவு செய்திருந்தாள்.

பல் இல்லாமல் அவர் பேசமாட்டார். பல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததே இல்லை, சித்தி உட்பட. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, செட்டைத் துண்டில் சுற்றி நீட்டுவார். அது திரும்பி வரும்வரை இன்னொரு துண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பார். எது கேட்டாலும் கைதான் பேசும்.

சித்தி பால் வாங்கிக்கொண்டு பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"தண்ணி வைக்கலியா?"

"மறந்துட்டேன் சித்தி."

சித்தி பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். திட்டுவாள் என்று அவள் நின்றாள்.

"சரி, நிக்காத. அவரு மேஸ்திரியா இருக்கற பட்டறைக்குப் போ. டிராம்ல மூணாவது நிறுத்தம், பல் டாக்டர் வீடு. பின்பக்கமா போகணும். அங்க மாவுன்னு ஒருத்தர் இருப்பாரு."

"மாவா?"

"பேரே அதுதான் ஆகிப்போச்சு. பார்த்தா உனக்கே தெரியும்."

அவள் அறை வாசலில் நின்றாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வைக்கு மேலே தோள்பட்டை ஒரு சின்னப் பையனுடையது போல இருந்தது.

"சித்தப்பா, கைதவறி உடைஞ்சிடுச்சு. சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்."

அவர் திரும்பவில்லை. போர்வையிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஒரு முறை அசைந்து விழுந்தது. சரி, போ என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று துண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

பட்டறை என்பது டாக்டர் வீட்டுப் பின்கட்டில் ஒரு நீள அறை. நுழைந்ததும் ரப்பர் வேகும் நாற்றம். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள்; தட்டுகள் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புமாவில் வார்த்த வாய்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு எண். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குள்ளமான மனிதருக்குப் புருவம், காதுமடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளை. பார்த்ததும் தெரிந்தது.

"மேஸ்திரி வீட்டுலேருந்து வர்றேன். அவரோட அண்ணன் பொண்ணு."

எப்போதும் போல வலது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். மாவு அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்தார்.

"தண்ணி இல்லாம கழுவினியா?"

"ஆமா."

"தலைய தொங்கப் போடாத. எல்லாரும் ஒரு தடவ செய்யறதுதான். டாக்டர் வீட்டம்மா ரெண்டு தடவ உடைச்சாங்க. ரெண்டும் டாக்டரோட செட்டு." குரலைத் தாழ்த்தினார். "பல் டாக்டருக்கே பல் செட்டுன்னு வெளிய சொல்லிடாத. என் சோறு போயிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்ப எல்லாம் பிளாஸ்டிக் வந்துடுச்சு, சீக்கிரம் முடியும். மேஸ்திரி மாறமாட்டேன்னுட்டாரு, இது ரப்பரு. ஒட்டணும், வார்க்கணும், ரப்பர் அடைக்கணும், பானையில வேக வைக்கணும், ஆற வைக்கணும். ராத்திரிக்குள்ள குடுத்தா நான் கெட்டிக்காரன். அவருக்குங்கறதால மத்தியானத்துக்குள்ள தர்றேன்."

"அவரு பல்லில்லாம பேசமாட்டாரு."

"தெரியும். எனக்கு உடம்பு சரியில்லன்னா பாக்க வருவாரு, அவருக்கு உடம்பு சரியில்லன்னா என்ன உள்ள விடமாட்டாரு. அவ்ளோ வீராப்பு."

அவர் கைகள் பேச்சை விட வேகமாக நகர்ந்தன. இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து, உருக்கிய மெழுகால் ஒட்டி, அது அசையாதிருக்கக் குறுக்கே தீக்குச்சிகளை வைத்து மறுபடி மெழுகிட்டார். கிண்ணத்தில் சுண்ணாம்புமாவைக் கரைத்து அடியில் வார்த்தார். அது இறுகும்வரை உடைந்து விழுந்த ஒற்றைப் பல்லை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதான் வம்பு" என்றார். "இது உக்காந்திருந்த குழி பொடிஞ்சு போச்சு. வேற பல்லுன்னா கண்ண மூடிக்கிட்டு வைப்பேன். மேஸ்திரியோட இந்தப் பல்லு நேரா இருக்காது."

"ஏன்?"

"அவரே தன் செட்டுல இத மட்டும் சாய்ச்சு வச்சாரு. தெத்துப்பல்லா. ஊருக்கெல்லாம் முத்து கோத்த மாதிரி செய்வாரு, தனக்கு மட்டும் கோணல். டாக்டர் கெஞ்சினாரு, இது நம்ம கடைக்கு விளம்பரமாய்யா, எடுத்துடுய்யான்னு. நானும் ஒரு நூறு தடவ கேட்டிருப்பேன். 'அது என் பல்லு, என் இஷ்டம்'னு சொல்லிட்டு வேலையப் பாப்பாரு."

"அச்சு இருக்குமே. இத்தனை அச்சு வச்சிருக்கீங்களே." அவள் தட்டுகளைப் பார்த்தாள்.

"அவரோட அச்ச அவரே உடைச்சுப் போட்டுட்டாரு. பல்லில்லாத தன் வாய எவனும் பாக்கக் கூடாதாம்." மாவு பல்லை மெழுகில் நட்டார். பார்த்தார். பிடுங்கினார். மறுபடி நட்டார். இந்தத் தடவை அதிகமாகத் துருத்திக்கொண்டு நின்றது. "ச்சே, பன்னி மாதிரி இருக்கு." பிடுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"கைய எடும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"வாயிலேருந்து கைய எடு."

பத்து வயதில் வகுப்பில் யாரோ அவள் பல்லைக் கேலி செய்ததிலிருந்து அந்தக் கை அங்கேதான் இருந்தது. பேசும்போதும் சிரிக்கும்போதும் தானாக ஏறிவிடும். கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரி, "எப்பவும் பல் வலியா?" என்றுகூடக் கேட்டாள். அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாவு விளக்கை இழுத்து அருகில் வைத்தார். ஒரு சிறு கண்ணாடியால் உதட்டை ஒதுக்கி இடப்பக்கம் பார்த்தார். அவர் மூச்சில் டீ வாசம் அடித்தது. சுண்ணாம்புமாவு ஒட்டிய விரல் அவள் கோரைப்பல்லின் விளிம்பைத் தொட்டு, அது பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும் இடத்தில் நின்றது.

"ம்" என்றார்.

வெந்நீரில் மெழுகுத் துண்டு ஒன்றை இளக்கி அவள் வாயில் வைத்தார். "கடி. மெதுவா. இப்ப விடு." மெழுகில் பதிந்த தடத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். அதை மேஜையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து, அப்பாவின் பல்லை ஒரு நூலளவு திருப்பினார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினார்.

நான்கு நாட்களாக அவர் பேசும்போது அவள் பார்த்த பல் அதுதான். சரியாக அப்படியேதான் இருந்தது. தன் முகத்தைக் கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருந்தும், பேசுகிற அவர் வாயை இத்தனை நேரம் பார்த்திருந்தும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று யோசித்தாள். சித்தப்பா என்று தினமும் கூப்பிட்டதில் கண்ணும் அப்படியே பழகிவிட்டதோ என்னவோ.

"அண்ணன் மகதானே" என்றார் மாவு, மெழுகைத் தேய்த்துக்கொண்டே. "ஒரே ரத்தம். இருக்கும், இருக்கும்."

அவள் மேஜையில் கிடந்த கைக்குட்டையை எடுத்து மடித்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுதான் என் வேலை. வாயிலேருந்து என்ன வருதுன்னு பாக்கறது இல்ல."

இரும்புப் பெட்டிக்குள் செட்டை வைத்து, சிவப்பு ரப்பரை அடைத்து, திருகி மூடி, பானையில் இறக்கியபோது பத்து மணி தாண்டியிருந்தது. பானை என்பது கனமான செம்பு அண்டா. மூடியில் நான்கு திருகாணியும், சூடு காட்டும் ஒரு கடிகாரமும் இருந்தன. முள் ஏற ஏற அறையின் நாற்றம் அடர்ந்தது.

"நீ வீட்டுக்குப் போ. நானே கொண்டாறேன்" என்றார் மாவு.

அவள் வழக்கம் போல இரண்டு பக்கத்தையும் எடைபோட்டாள். போவதற்குக் காரணங்கள் இரண்டு: சித்தி தனியாக இருக்கிறாள், இங்கே அவளுக்கு வேலை இல்லை. இருப்பதற்கு ஒன்றுதான்: வெறுங்கையோடு போய் அந்த முதுகுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒன்று இரண்டை ஜெயித்தது.

"இருந்து வாங்கிட்டே போறேனே."

"அப்போ அந்தக் கிண்ணங்களக் கழுவு. அதுக்குத் தண்ணி வைக்க வேணாம், உடையாது."

அவள் சிரித்தாள். கை ஏறவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தாள்.

கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பானையின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் பையிலிருந்து தாளை எடுத்து ஏழு கேள்விகளையும் ஒரு தடவை படித்தாள். இப்போது முதல் கேள்விக்கு மேலே இன்னொன்று எழுத வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமையவில்லை. பல்லைப் பற்றிக் கேட்பதா? பல்லைக் காட்டினாலே போதாதா? தாளை மடித்து வைத்தாள்.

"இப்ப திறக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"சூட்டோட திறந்தா ரப்பர் பொங்கி பஞ்சாயிடும். அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து. பொறு."

பொறுத்தாள். அவர் திறந்து, உடைத்து, அரத்தால் ராவி, துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்கிக் கொடுத்தபோது ஒன்றரை மணி. உடைந்த இடம் புது ரப்பரின் நிறத்தால் மட்டும் தெரிந்தது.

"கேட்டா மாவு செஞ்சான்னு சொல்லு. திட்டுவாரு. திட்டினா நல்லா இருக்காருன்னு அர்த்தம்" என்றார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பகலில் சித்தி அதைத் திறந்து வைப்பதில்லை. அவள் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

அப்பா மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் துண்டு இல்லை. சித்தி கட்டிலின் தலைப்பக்கம் உட்கார்ந்து, ஒரு கையை அவர் மோவாயில் வைத்திருந்தாள். கட்டைவிரலால் தாடையை மெல்லக் கீழே இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். மருந்து புகட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். புட்டியும் கரண்டியும் ஜன்னலில் இருந்தன.

"கொண்டாந்துட்டியா?" என்றாள் சித்தி. நிமிரவில்லை. "ஒரு மணிக்குப் போயிட்டாரு. தாடை இறுகிட்டா அப்புறம் பல்லு உள்ள போகாதுன்னு மாவு அண்ணன் எப்பவோ ஒரு பேச்சுல சொன்னாரு. அதான் இறுகாமப் பாத்துக்கிட்டு இருக்கேன். கை மரத்துப் போச்சு. குடு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்புறம் அழலாம். குடும்மா, நேரமாகுது."

சித்தியின் மரத்த விரல்களில் செட்டு நிற்கவில்லை. அவளே அதைத் திரும்ப வாங்கித் தண்ணீரில் நனைத்தாள். சித்தி தாடையைப் பிடித்தாள். இப்படியா அப்படியா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பி, மேலே அழுத்தினாள். உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. செட்டு ஏறி உட்கார்ந்ததும் குழிந்திருந்த உதடு நிரம்பி, முகம் அவருடையதாகிவிட்டது. மாவின் வேலை பிசகவில்லை. உதட்டோரத்தில் அந்தப் பல் கொஞ்சம் தெரிந்தது.

சித்தி இப்போதுதான் கையை எடுத்தாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ போனதுலேருந்து இருப்புக் கொள்ளல மனுஷனுக்கு. வாசலையே பாத்தாரு. பதினொண்ணு இருக்கும், திடீர்னு துண்ட எடுத்து வீசிட்டாரு. பேசினாரு."

"பல்லில்லாமலா?"

"பல்லில்லாம. பதினாறு வருஷத்துல அந்த வாய இன்னைக்குத்தான் பாத்தேன். குழந்த வாய் மாதிரி இருந்துச்சு." சித்தி சிரிக்கப் பார்த்தாள். "நீ போயிட்டியான்னு கேட்டாரு. கப்பலுக்கே போயிட்டன்னு நினைச்சிட்டாரு போல. இல்லய்யா, உன் பல்ல ஒட்டத்தான் போயிருக்குன்னேன். 'கையக் காட்டினேன், பாக்காம போயிடுச்சு. பல்லு எதுக்கு? வரச் சொல்லு'ன்னாரு. யார அனுப்புவேன்? கீழ தையல்காரி கடையப் பூட்டிட்டுப் போயிருந்தா. இவர விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அசைந்த கை. அது எந்தப் பக்கமாக அசைந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். உள்பக்கமாகவா, வெளிப்பக்கமாகவா? திருப்பித் திருப்பிப் பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"நான் இங்கயே இருந்திருக்கணும் சித்தி."

"இருந்திருந்தா துண்ட எடுத்திருக்க மாட்டாரு. அந்த வீம்பு உனக்குத் தெரியாது." சித்தி போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகு, அதே குரலில், போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்புறம் சொன்னாரு. நீ யாருன்னு."

வெளியே டிராம் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"பாதிக்குப் பாதி காத்துதான் வந்துச்சு. ஆனா முதல் தடவையே புரிஞ்சிடுச்சு எனக்கு. புரியலய்யா, திரும்பச் சொல்லுன்னேன். மூணு தடவ சொல்ல வச்சேன். பதினாறு வருஷம் சொல்லலல்ல." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "எனக்குக் குழந்த இல்லன்னு நான் எத்தன நாள் இந்த மனுஷன் தோள்ல அழுதிருப்பேன். அப்பகூட வாயத் திறக்கல. தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தாரு."

 மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் நினைத்தாள். எதற்காக, யார் சார்பில் என்று தெளிவில்லாமல் விட்டுவிட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதா சித்தி?"

"கொஞ்சம் கொஞ்சம். தனக்கு ஒரு அண்ணன் இருக்கிறதா இத்தன வருஷத்துல இவரு சொன்னதே இல்ல. உன் கடுதாசி வந்தப்புறம்தான் அந்த அண்ணன் பொறந்தாரு." சித்தி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன். அது இவரு மேல. நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"பால் இருக்கு. சூடு பண்ணிக் குடி. ஆளுங்க வர ஆரம்பிச்சா நேரம் கிடைக்காது."

முதலில் வந்தவள் கீழ்வீட்டுத் தையல்காரி. படியேறும்போதே அழ ஆரம்பித்து, அறைக்குள் வந்ததும் அடக்கிக்கொண்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சித்தியைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் காலைத் தொட்டாள், டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டதா, பட்டறைக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். கொஞ்சம் படபடப்பானவள். எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் அவளுக்கு நிலைகொள்ளும்.

"தந்தி ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடுவான் அக்கா. நான் போறேன். என்ன எழுதணும்னு சொல்லுங்க." அவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உங்க அப்பாவுக்கு முதல்ல குடுத்துடலாம். தம்பி போயிட்டாருன்னா துடிச்சுப் போயிடுவாரே. முகவரிய எழுதிக் குடு."

அவள் பால் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். எழுதிக் கொடுக்க ஒரு முகவரியும் இல்லை. பெரியம்மாவின் பூட்டிய வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தால் இந்த நிமிஷம் கடந்துவிடும். தந்தி போகும், யாரும் வாங்கமாட்டார்கள், தையல்காரிக்கு அது தெரியப்போவதில்லை. அவள் பென்சிலுக்காக மேஜையைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் சித்தி.

"என்னக்கா வேணாம்? அவருக்குத் தெரிய வேணாமா?"

"அவளோட அப்பாவுக்குத் தந்தி வேணாம்." சித்தி தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இங்கதான படுத்திருக்காரு."

தையல்காரி சித்தியைப் பார்த்தாள். பிறகு கட்டிலை, பிறகு அவளை. வாயைத் திறந்து, எதையோ கேட்க வந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி முடித்தாள்.

"அப்ப நான் டாக்டரையே கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சித்தி அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தாள். மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. உதறிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினாள்.

"இத இஸ்திரி போட்டுக் குடு. உங்க அப்பாவுக்குக் காலர் விறைப்பா இருக்கணும்."

அவள் மேஜைமேல் போர்வையை நான்காக மடித்து விரித்தாள். இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை சட்டையின் தோள்பட்டைகளைக் கையால் நீவிவிட்டாள். முதலில் காலர், பிறகு முதுகு, பிறகு கைகள் என்று வரிசை வைத்துக்கொண்டாள். இடது கையின் முழங்கைப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. அதன் மேல் துணி விரித்துத் தேய்த்தாள். படிக்கட்டில் ஆட்கள் ஏறி வரும் காலடிச் சத்தம் கேட்டது. சித்தி வாசலுக்குப் போனாள். அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு, பொத்தான் ஒவ்வொன்றையும் சுற்றி இஸ்திரிப் பெட்டியின் முனையை மெதுவாக ஓட்டினாள்.